தாளிச்சாவுக்கு முதல் பரிசு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. கேட்டு வாங்கினார்கள்.

பூந்தமல்லியைத் தாண்டி திருமழிசைக்குப் போகிற நெடுஞ்சாலையில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. பெயர் வேண்டாம். பெயர் போட்டால் அடுத்த முறை கேட்டிலேயே நிறுத்தி வைத்துவிடுவார்கள். அதன் தமிழ்த் துறைத் தலைவர் பேராசிரியர் அழகேசன் ஒரு நாள் மத்தியானம் எனக்கு போன் செய்தார். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். கதை எழுதுவதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். போன் வந்தபோது ஒரு மீட்டிங்கில் மாட்டிக்கொண்டிருந்தேன். எழுந்து வெளியே போக ஒரு சாக்கு கிடைத்த சந்தோஷத்தில், அவர் கிட்னியைக் கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பேன்.

அவர் கேட்டது ஆண்டு மலருக்கு ஒரு தன்னம்பிக்கைக் கதை. ஃபஸீலா என்று எம்.காம். படிக்கிற பெண், சக்கர நாற்காலியில்தான் வருவாள், பட்டிமன்ற அரையிறுதியில் முதல் பரிசு வாங்கியிருக்கிறாள், அவளை வைத்து எழுதுங்கள் என்றார். கை கால் நன்றாக இருக்கிற பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு வெட்கப்பட வேண்டுமாம். கூடவே, இறுதிச் சுற்றுக்கு மதிப்பெண் போடவும் நான் வர வேண்டுமாம். இரண்டுக்கும் சரி என்றேன். அப்போது அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை.

சனிக்கிழமை அவர்கள் கேன்டீனில் போய்ப் பார்த்தேன். ஃபஸீலா பூந்தமல்லிக்காரி. அவள் அத்தா பஷீருதீன் அங்கே மெத்தைக் கடை வைத்திருக்கிறார். நான் நோட்டை எடுப்பதற்குள் அவள் ஒரு நிபந்தனை போட்டாள். எழுதிக்கொள்ளலாம், ஆனால் எழுத எழுத அவளுக்கு அனுப்ப வேண்டும். அதனால் இந்தக் கதையில் சதுர அடைப்புக்குள் ‘ஃ’ என்று வருவதெல்லாம் அவள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பதில். அழித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அழித்தால் கதையில் மிச்சம் ஒன்றும் தேறாது என்று பிறகு தெரிந்தது.

2

முதல் தொடக்கம்:

சக்கரங்கள் சுழன்றன. விதி அவள் கால்களைக் கட்டிப்போட்டது. ஆனால் அவள் கனவுகளுக்கோ சிறகுகள் முளைத்து

[ஃ: சிறகு வேணாம் சார். எங்க பிளாக்ல லிஃப்ட் வேலை செஞ்சா போதும்.]

இரண்டாவது தொடக்கம்:

பூந்தமல்லியின் அந்தக் குறுகிய தெருவில், பொழுது புலரும் நேரத்தில் ஒரு தாயின் விசும்பல்

[ஃ: யாரு விசும்புனா? எங்க ஊட்ல கார்த்தால சத்தம் போடறது மிக்ஸி மட்டும்தான்.]

மூன்றாவது:

அவள் இதுவரை யாரிடமும் உதவி என்று கேட்டதே இல்லை.

[ஃ: சுத்தப் பொய். நான் எல்லார்கிட்டயும் கேப்பேன். அசைன்மென்ட்டே ரோஷினிகிட்ட கேட்டு வாங்கித்தான் எழுதறேன்.]

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏன் வராது? என் கதையை என் மனைவிகூட இப்படி வரிக்கு வரி திருத்தியதில்லை. (அவள் படித்ததே இல்லை என்பது வேறு விஷயம்.) நாலாவது தொடக்கத்தில் கொரட்டூர் ஏரியை வர்ணிக்க ஆரம்பித்து, எங்கள் ஃப்ளாட்டிலிருந்து ஏரி தெரியும் என்று சொல்லி விற்ற புரோக்கர் மேல் கோபம் திரும்பி, அதையும் பாதியில் விட்டேன். போன் போட்டு, அப்படியானால் நான் எதைத்தான் எழுதுவது, நீயே சொல்லம்மா என்று கேட்டேன்.

“சார், நான் தாளிச்சாவுக்கு ஃபர்ஸ்ட் பிரைஸ் வாங்கினது உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

தெரியாது. ஆகவே கதை இப்போதுதான் ஆரம்பிக்கிறது. இதுவரை படித்ததை நீங்கள் மறந்துவிடலாம்.

3

ஃபஸீலாவுக்கு ஓர் ஆசை உண்டு. படிப்பு முடித்ததும் மேடையில் பேசித்தான் பிழைக்க வேண்டும். கோயில் திருவிழா, தர்கா விழா, பொங்கல் டிவி நிகழ்ச்சி, எங்கே பட்டிமன்றம் என்றாலும் அங்கே போய் இறங்கி, கூட்டத்தைச் சிரிக்க வைத்து, சன்மானத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டும். வீட்டில் எம்.காம். முடித்து பேங்க் பரீட்சை எழுதச் சொல்கிறார்கள். அவளுக்கும் அதில் ஆட்சேபணை இல்லை, மேடை தன்னால் முடியாது என்று தெரிந்துவிட்டால்.

தெரியவில்லை என்பதுதான் சிக்கல். பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததிலிருந்து எந்தப் போட்டியில் பேசினாலும் அவளுக்குத்தான் பரிசு. முதலில் நம்பினாள். வீட்டில் இனிப்பெல்லாம் கொடுத்தார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உறைத்தது. அவள் வாயைத் திறக்கும் முன்பே கைதட்டுகிறார்கள். அவள் பேசும்போது நடுவர்கள் குறிப்பெடுப்பதில்லை, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அவளையே பார்க்கிறார்கள். ஒரு முறை மைக் வேலை செய்யவில்லை, பின்வரிசைக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்காது, அன்றைக்கும் பின்வரிசைதான் முதலில் எழுந்து நின்று தட்டியது.

“நான் நல்லா பேசறேனா இல்லையா, அது எனக்குத் தெரியணும் சார்,” என்றாள் என்னிடம். “யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க.”

அதனால் அரையிறுதியில் ஒரு சோதனை செய்து பார்த்தாள். தலைப்பு, மாணவருக்குப் பெரிதும் துணை நிற்பது நண்பர்களா, நூல்களா. இவள் நூல்கள் அணி. நாலு பையன்கள் நாற்காலியோடு அவளைத் தூக்கி மேடையில் வைத்தார்கள், அரங்கமே விசிலடித்தது. (கல்யாண வீட்டில் பீரோ ஏற்றுகிற மாதிரி இருந்தது என்கிறாள்.) நூல்களைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசினாள். மூன்றாவது வாக்கியத்திலிருந்து தாளிச்சா செய்முறை.

பிரியாணியோடும் நெய்ச்சோற்றோடும் வைப்பார்களே, பருப்பும் ஆட்டெலும்பும் போட்ட குழம்பு, அதேதான். முகத்தில் சிரிப்பே இல்லாமல், நல்ல மேடைத் தமிழில் பேசியிருக்கிறாள். நடுவர் அவர்களே, கடலைப்பருப்பைக் குழைய வேக வையுங்கள். அவையோரே, கத்தரிக்காயைக் காம்போடு நறுக்குங்கள். மாங்காயை அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள், கரைந்துவிடும். புளி விடும்போது குரலை உயர்த்தினாள், கொத்தமல்லி தூவும்போது தாழ்த்தினாள், நன்றி வணக்கம் என்று முடித்தாள்.

அரங்கம் எழுந்து நின்றது. நடுவர் நாற்காலியில் இருந்த அழகேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இங்கே பருப்பு என்பது வெறும் பருப்பு அல்ல, நூலறிவு என்ற நெருப்பில் வெந்து பக்குவப்படும் மனித மனம் என்று விளக்கம் சொன்னார். முழு மதிப்பெண். பொன்னாடை.

[ஃ: பொன்னாடையை அம்மா மிக்ஸிக்கு உறை தச்சுட்டாங்க சார். அதையும் போடுங்க.]

வீட்டில் வீடியோவைப் பார்த்த அவள் அம்மா வஹீதுன்னிசா மட்டும்தான் ஒரு குறை சொன்னாராம். கடைசி வரைக்கும் உப்பே போடவில்லையே என்று.

இதை அவள் போனில் சொன்னபோது நான் ஆபீஸ் வேனில், பாடி மேம்பாலத்து நெரிசலில் இருந்தேன். வாய்விட்டுச் சிரித்ததில் பக்கத்து சீட் ஆள் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். சிரித்து முடித்தபிறகுதான் நான் எழுதிய மூன்று தொடக்கங்களும் ஞாபகம் வந்தன. அழகேசன் செய்ததைத்தான் நானும் பேனாவால் செய்துகொண்டிருந்தேன்.

(இடையில் ஒரு சின்னக் கட்டுரை. கதை மட்டும் போதும் என்பவர்கள் தாண்டிப் போகலாம். இதற்குப் பெயர் உடல்திறன் பாகுபாடு என்று கருத்தரங்குகளில் சொல்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் யாரோ ஒரு வில்லன் சரிவுப்பாதையில் ஆணி போடுகிற மாதிரி தோன்றும். இங்கே அப்படி ஆணி போடுகிறவர் யாரும் இல்லை. சரிவுப்பாதையில் விழாவுக்காகப் பூந்தொட்டி வைக்கிறவர்கள்தான் இருக்கிறார்கள். அவளிடம் கேட்க வேண்டியதை அவள் அம்மாவிடம் கேட்கிறவர்கள், என்ன பேசினாலும் கைதட்டுகிறவர்கள். எல்லோரும் நல்லவர்கள். ஃபஸீலா இதற்கு ‘ஐயோபாவ வியாதி’ என்று பெயர் வைத்திருக்கிறாள். வியாதி தனக்கு இல்லை, எங்களுக்கு என்கிறாள்.)

4

இனி ரோஷினி. இவளைப் பற்றி நான் எழுதி வைத்திருந்தது இது:

ஆவடி ரோஷினியின் கண்களில் பொறாமைத் தீ கொழுந்துவிட்டு எரிந்தது. இரக்கம் என்பதையே அறியாத அந்த

[ஃ: ஐயோ சார். அவதான் சார் ஹீரோயின்.]

நடந்தது என்னவென்றால், அந்த அரையிறுதியில் ரோஷினிக்கு இரண்டாம் பரிசு. ராத்திரி பகலாகத் தயார் செய்து, நண்பர்கள் அணிக்காக உயிரைக் கொடுத்துப் பேசியவள். பரிசளிப்பு முடிந்ததும் நேராக ஃபஸீலாவிடம் வந்து சண்டை பிடித்திருக்கிறாள். நான் தொண்டை கிழியப் பேசினேன், நீ குழம்பு வைத்துவிட்டு முதல் பரிசு வாங்கிக்கொண்டு போகிறாயே, வெட்கமாக இல்லையா என்று. சுற்றி நின்றவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒருத்தன் ரோஷினியின் கையைப் பிடித்து இழுத்து, போயும் போயும் அவளிடமா என்று காதில் சொன்னான்.

ஃபஸீலாவுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். இந்தக் காம்பஸில் அவளிடம் யாராவது சண்டை போட்டது அதுதான் முதல் தடவை. கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்தாள். ரோஷினி கோபம் தணியாமலே குடித்தாள். சாயங்காலம் வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

ஆக, வில்லி போய்விட்டாள். ஒரு கதையில் வில்லி போனால் என் பாடு திண்டாட்டம். அந்த இடத்தில் யாரை வைப்பது? அழகேசனை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. தமிழ் மன்றத்துக்குத் தன் சொந்தக் காரில் மைக் செட் ஏற்றிக்கொண்டு வருகிற மனிதர்.

[ஃ: சார் கெட்டவர் இல்ல. நல்லவர். அதான் பிரச்சினையே.]

சரி, ரோஷினியையாவது தங்கமான பெண்ணாக மாற்றிவிடலாம் என்று இரண்டு பத்தி எழுதினேன். அதற்கும் பதில் வந்தது.

[ஃ: தங்கம்லாம் வேணாம். எடுத்துகினு போன சார்ஜரை இன்னும் தரல.]

5

பட்டிமன்றம் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே வாதத்தைவிட முக்கியம் கிண்டல். எழுந்து நிற்கிற பேச்சாளர் முதலில் எதிரணியின் பெயரைச் சொல்லி ஒரு வாரு வாருவார், அவர் உட்கார்ந்ததும் எதிரணி இவரை வாரும், நடுவர் இரண்டு பேரையும் சேர்த்து வாருவார். வாரப்படுகிறவரும் மேடையிலேயே விழுந்து விழுந்து சிரிப்பார். மேடையில் யாரும் உங்களைக் கிண்டல் செய்யவில்லை என்றால், பந்தியில் உட்கார்ந்தும் உங்களுக்கு இலை போடவில்லை என்று அர்த்தம்.

ஃபஸீலாவுக்கு இதுவரை இலை விழுந்ததில்லை. அவளுக்கு அடுத்துப் பேச வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டுத்தான். சகோதரியின் தன்னம்பிக்கைக்குத் தலைவணங்குகிறேன் என்று கும்பிட்டுவிட்டு, அவள் சொன்ன வாதத்தைத் தொடாமலே தாண்டிப் போய்விடுவார்கள்.

இறுதிச் சுற்றில் ஃபஸீலா ஓர் அணிக்குத் தலைவி, ரோஷினி எதிரணிக்குத் தலைவி. கேன்டீனில் ஃபஸீலா அவளிடம் தெளிவாகக் கேட்டாள். அன்றைக்கு என்னை நார் நாராகக் கிழிக்க வேண்டும். நாற்காலியைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று இல்லை, பேசக் கூடாது என்றும் இல்லை. என் வாதத்தில் ஓட்டை இருந்தால் விடாதே.

ரோஷினி மாட்டேன் என்றாள். அவள் பயமும் நியாயம்தான். முன்வரிசையில் எல்லோர் கையிலும் போன் இருக்கும். சக்கர நாற்காலிப் பெண்ணைக் கேலி செய்த மாணவி என்று பத்து விநாடியை வெட்டி யாராவது போட்டால் போதும், ஊரே காறித் துப்பும். வேலைக்கு எடுக்க வருகிற கம்பெனிக்காரன் பெயரைத் தேடிப் பார்ப்பான். நீ ஜாலியாகச் சொல்லிவிட்டாய், அடி வாங்கப்போவது நான் என்றாள்.

இந்த இடத்தில் கதாசிரியர் என்ற முறையில் நான் ரோஷினி பக்கம். என் மகளாக இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஃபஸீலா சண்டை போடவில்லையாம். தட்டில் இருந்ததைக் கிளறிக்கொண்டே, “நீயும் விட்டுட்டேன்னா நான் எப்படிடி தெரிஞ்சுக்கறது?” என்று கேட்டிருக்கிறாள்.

ரோஷினி பையைத் தோளில் மாட்டினாள். எழுந்து ஆவடி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அழகேசனிடம் ஃபஸீலா இன்னொன்றும் கேட்டாள். இனிமேல் என்னைத் தூக்க வேண்டாம். அவர் பதறிப்போய், பசங்கள் அன்போடுதானே அம்மா தூக்குகிறார்கள் என்றார். அன்பெல்லாம் சரி சார், எனக்கு வயிற்றைக் கலக்குகிறது என்றாள். மேடைக்குச் சாய்தளம் கட்ட ஃபைல் மேலே போயிருக்கிறது, எப்போது கீழே வரும் என்று தெரியாது. கடைசியில் பட்டிமன்றத்தையே கீழே இறக்கினார்கள். உள்விளையாட்டரங்கில் பேட்மின்டன் கோர்ட்டில் நாற்காலி போட்டு, சுற்றிலும் கூட்டம் உட்காருவது என்று முடிவானது. மேடை இல்லாமல் நடுவரா என்று அழகேசன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

6

இறுதிச் சுற்று.

வீட்டில் அதிகம் பொய் சொல்பவர்கள் பெற்றோரா, பிள்ளைகளா? ஃபஸீலா பெற்றோரே என்று பேச வேண்டும். ரோஷினி பிள்ளைகளே என்று பேச வேண்டும். அழகேசன் நடுவர். மதிப்பெண் போட அவரும், ஆங்கிலத் துறையிலிருந்து பத்மா மேடமும், நானும். முன்வரிசையில் பஷீருதீனும் வஹீதுன்னிசாவும் உட்கார்ந்திருந்தார்கள். பேட்மின்டன் வலையைக் கழற்ற மறந்துவிட்டார்கள். அதையே இரண்டு அணிக்கும் நடுவில் விட்டுவிட்டார்கள், பார்க்கப் பொருத்தமாகத்தான் இருந்தது.

ஃபஸீலா ஆரம்பித்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் முறையாக நான் அவள் பட்டிமன்றத்தில் பேசிக் கேட்கிறேன். ஊசி வலிக்காது என்று சொல்வது யார்? இன்னும் ஒரே ஒரு வாய்தான் என்று எட்டு வாய் ஊட்டுவது யார்? சண்டை போட்டுக்கொண்டே, நாங்கள் சண்டை போடவில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது யார்? கூட்டம் சிரித்தது. நல்ல சிரிப்பு, ஐயோபாவச் சிரிப்பு இல்லை, அந்த வித்தியாசம் கேட்கும்போதே தெரிந்தது. ஒன்றிரண்டு இடத்தில் அவசரப்பட்டு, சிரிப்பு அடங்கும் முன்பே அடுத்த வரிக்குப் போய்விட்டாள். அதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

கடைசியில் கொஞ்சம் நிறுத்தி, மேடைத் தமிழை விட்டுவிட்டுச் சொன்னாள்.

“எங்க அத்தா வருஷா வருஷம் ஒரு பொய் சொல்வார். அடுத்த நோன்புக்குள்ள நீ நடந்துடுவே. நான் நம்பல. ஆனா அவர் முகத்தைப் பாத்துட்டு, ஆமா அத்தா, நடந்துடுவேன்னு நம்பற மாதிரியே நடிப்பேன். இப்ப சொல்லுங்க, அவ்ளோ பெரிய பொய்யை பெத்தவங்களைத் தவிர யாரு சொல்ல முடியும்?”

பஷீருதீன் குனிந்துகொண்டார். நானும் கைக்குட்டையைத் தேடினேன், மறைக்க மாட்டேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் நாலு பக்கமும் கேட்டது. பேனாவை எடுத்து முழு மதிப்பெண் போடப் போனேன்.

அடுத்து ரோஷினி.

எழுந்து நின்றாள். காகிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். தலைவணங்குகிறேன் என்று ஆரம்பித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஃபஸீலாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், அவள் நாற்காலியின் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். இந்த ஒருத்தியும் கும்பிட்டுவிட்டால், அவளுக்குத் தெரிய வேண்டியது இனி ஒரு நாளும் தெரியப்போவதில்லை.

“எல்லாரும் கண்ணைத் தொடச்சுக்குங்க,” என்றாள் ரோஷினி. “எதிரணித் தலைவி இப்போது என்ன சொன்னார்? அப்பா சொன்னதை நம்பவில்லை, நம்புவதாக நடித்தேன் என்றார். நடுவர் அவர்களே, அப்பா சொன்னது பொய்யே அல்ல. அவர் அதை நம்பினார். நம்பிச் சொன்னால் அது ஆசை. நம்பாமல் தலையாட்டியது யார்? மகள். வருஷா வருஷம் பொய் சொன்னது யார்? மகள். எங்கள் அணிக்காக வாதாடிய ஃபஸீலாவுக்கு நன்றி.”

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து எவனோ ஏய் என்றான். இரண்டு போன் மேலே எழுந்தது. அழகேசனின் கை மணியை நோக்கிப் போனது. ரோஷினி நிறுத்தவில்லை. ஃபஸீலா வகுப்புக்குத் தாமதமாக வருவாள், கேட்டால் லிஃப்ட் ரிப்பேர் என்பாள், பாவம் என்று எல்லாப் பேராசிரியர்களும் வருகைப் பதிவு போட்டுவிடுவார்கள். லிஃப்ட் நன்றாக ஓடுகிற நாட்களிலும் அவள் தாமதம்தான். காரணம் லிஃப்ட் இல்லை, கேன்டீனில் சுடச்சுட பரோட்டா.

நான் ஃபஸீலாவைப் பார்த்தேன். அவள் வாய் பிளந்திருந்தது. தன் வாதத்தில் அந்த ஓட்டையை அவள் கவனிக்கவே இல்லை என்று அந்த முகத்தைப் பார்த்த யாருக்கும் புரியும். நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். மெல்லிய சிரிப்பு இல்லை, நாற்காலியே குலுங்குகிற சிரிப்பு. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல் சிரிக்கிறாள்.

அவள் மட்டும் சிரித்துக்கொண்டிருக்க, முன்வரிசையிலிருந்து வஹீதுன்னிசாவின் குரல் கேட்டது. “பரோட்டாவா?”

அவ்வளவுதான், கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று. பஷீருதீன் தலையை நிமிர்த்தி, மனைவியின் தோளைத் தட்டித் தட்டிச் சிரித்தார். தூக்கிப் பிடித்த போன்கள் ஆடின.

மறுப்புரைக்கு ஆளுக்கு ஒரு நிமிஷம் உண்டு. ஃபஸீலா மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். நடுவர் அவர்களே, நான் பரோட்டா சாப்பிட்டது இவருக்கு எப்படித் தெரியும்? எனக்கு எதிரே உட்கார்ந்து சால்னா ஊற்றிக்கொடுத்தவரே இவர்தான். அந்த நேரத்தில் இவருடைய அம்மாவிடம் போனில் என்ன சொன்னார் தெரியுமா? லைப்ரரியில் இருக்கிறேன் என்றார். பரோட்டா தின்னும் லைப்ரரி ஆவடி வரைக்கும் எங்கே இருக்கிறது?

மறுபடியும் அரங்கம் அதிர்ந்தது. அழகேசன் மணியை அடித்தார். எழுந்து நின்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஃபஸீலாவையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். நான் பயந்தேன். பருப்பு, நெருப்பு என்று எதையாவது ஆரம்பித்துவிடுவார் என்று.

“ஏம்மா,” என்றார். “உன் அணி பெற்றோர் பொய்யர்னு சொல்ற அணி. நீ இப்ப ரெண்டாவது சேம் சைடு கோல் போட்டிருக்கே. எந்த அணியில இருக்கோம்ங்கற ஞாபகம் இருக்கா, இல்ல பரோட்டா ஞாபகத்துலயே இருக்கியா?”

ஃபஸீலா இரண்டு கையையும் மேலே தூக்கிக் கும்பிட்டாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எழுத எனக்கு வார்த்தை வரவில்லை. மூன்று முறை எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். மூன்றிலும் எங்கிருந்தோ சிறகு வந்து சேர்ந்துகொண்டது.

[ஃ: அந்த எடத்துல சும்மா ‘சிரிச்சா’ன்னு போடுங்க. போதும்.]

சிரித்தாள்.

7

இனி முடிவு. ஆண்டு மலர்க் குழுவிடமிருந்து மூன்று யோசனை வந்திருக்கிறது.

முதல் முடிவு: ஃபஸீலாவுக்குக் கோப்பை, அரங்கமே கண்ணீர். அந்த முடிவை அவள் ஏற்கெனவே பல முறை வாங்கியிருக்கிறாள்.

இரண்டாவது முடிவு: ரோஷினிக்குக் கோப்பை, ஃபஸீலா பெருந்தன்மையோடு வாழ்த்துகிறாள். ரோஷினிக்குக் கிடைத்தால் அவள் வாழ்த்த மாட்டாள், ஒரு வாரம் பொருமுவாள்.

மூன்றாவது, குழுவில் ஒருவர் தனியாக எனக்கு போன் செய்து சொன்னது: கைதட்டல் சத்தத்தில் உணர்ச்சிவசப்பட்டு ஃபஸீலா மெல்ல எழுந்து நிற்கிறாள் என்று முடிக்கலாமே சார், நச்சென்று இருக்கும். நான் போனை வைத்துவிட்டேன். இதை ஃபஸீலாவிடம் சொன்னபோது பத்து நிமிஷம் சிரித்தாள்.

நிஜமாக நடந்தது இதுதான். மதிப்பெண் தாளை மூன்று பேரும் தனித்தனியாக எழுத வேண்டும். அழகேசன் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி யோசித்து யோசித்து எழுதினார். இந்த முறை பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் எழுதினார். அவர் கணக்கில் ரோஷினி அரை மதிப்பெண் முன்னால். பத்மா மேடம் கணக்கில் ஃபஸீலா அரை மதிப்பெண் முன்னால். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மிச்சம் இருப்பது என் தாள்.

நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஃபஸீலா பேசிய அந்த அத்தா வரியை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். ஆனால் அதே வரிதான் அவள் அணியைக் கவிழ்த்தது. சிரிப்பு அடங்கும் வரை பொறுக்கத் தெரியவில்லை. ரோஷினியின் மறுப்பு கத்தி. ஆனால் காகிதத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசினாள், பாதியில் போனில் எல்லோருக்கும் வந்த ஒரு பழைய ஜோக்கையும் சொருகினாள், நேரத்தையும் தாண்டினாள். அவள் காட்டிய துணிச்சலுக்குத் தனியாக மார்க் உண்டா? அதை நான் போட்டால், ஃபஸீலா நாற்காலியில் இருக்கிறாள் என்பதற்காகத்தானே போடுகிறேன்? எழுதினேன், அடித்தேன்.

அப்போது ஃபஸீலா தண்ணீர் பிடிக்க என் மேஜைப் பக்கமாக வந்தாள். நின்றாள். தாளை எட்டிப் பார்க்கவில்லை.

“சார், கொறைச்சா ஏன் கொறைச்சீங்கன்னு கேப்பேன்,” என்றாள். “ஏத்தினாலும் கேப்பேன்.”

பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

நான் போட்ட மார்க்கை இங்கே எழுதப் போவதில்லை. மலர்க் குழு கேட்டும் எழுதவில்லை. அவர்கள் இரண்டு பேரும் பேசியதை நீங்களும் கேட்டீர்கள், நான் விட்டது ஒன்றும் பெரிதாக இல்லை. ஆகவே பத்துக்கு எத்தனை என்று ஃபஸீலாவுக்கு ஒன்று, ரோஷினிக்கு ஒன்று, நீங்களே போடுங்கள். அத்தா வரியைப் படித்தபோது உங்கள் கை தானாக எங்கே போயிற்று என்பதையும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். போட்டதை எனக்கு அனுப்புங்கள். உங்கள் போன் நம்பரோடு அப்படியே ஃபஸீலாவுக்கு அனுப்பிவிடுவேன். அவள் கூப்பிடுவாள், கூப்பிட்டுக் காரணம் கேட்பாள். எடுத்துப் பதில் சொல்லுங்கள்.